தோட்டா இல்லாத துப்பாக்கி

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்குத் தயாராகும் ஒருத்தியின் பயிற்சியில் பெரும்பங்கு, பார்ப்பவர் கண்ணுக்குச் சுடுவதாகவே தெரியாது. துப்பாக்கியில் பெல்லட் இல்லை. காற்றும் வெளியேறுவதில்லை. கையை உயர்த்துகிறாள், கறுப்பு வட்டத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறாள், விசையை மெல்லப் பின்னுக்கு அழுத்துகிறாள். ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை. சுவரில் துளை இல்லை, தாளில் புள்ளி இல்லை. கையை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உயர்த்துகிறாள். இதற்கு ‘ட்ரை ஃபயர்’ என்று பெயர். போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் இப்படிச் சுடுவதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு.

இதோடு ஒரு கணினியும் சேரும்போது அது சிமுலேட்டர் ஆகிறது. ரஷ்யாவில் தயாராகும் ‘ஸ்காட்’, பின்லாந்தின் ‘நாப்டெல்’ போன்ற கருவிகள் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. குழலில் பொருத்தப்படும் சிறு உணரி, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நொடிக்குப் பல முறை பதிவு செய்கிறது. திரையில் ஒரு கோடு ஓடத் தொடங்குகிறது. குறியை நெருங்கும்போது ஒரு நிறம், கடைசி நொடியில் இன்னொரு நிறம், விசை விடுபட்ட பிறகு வேறொரு நிறம். சுட்டு முடித்த பெண் தன் கை வந்த வழி முழுவதையும் பார்க்கலாம்.

இதைப் பற்றி ஒரு பெண்ணியக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இதில் ஒரு பழைய கேள்வியின் புதிய வடிவம் தெரிகிறது. பெண் கையில் ஆயுதம் இருப்பது விடுதலையா என்ற கேள்வியை நாம் பல காலமாகக் கேட்டு வருகிறோம். சிமுலேட்டர் அந்த ஆயுதத்திலிருந்து தோட்டாவை மட்டும் எடுத்துவிடுகிறது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறது. அதே எடை, அதே பிடி, அதே விரல், அதே மூச்சு. அப்படியானால் எடுக்கப்பட்டது எது? மிச்சமிருப்பது எது? அந்த மிச்சம் நமக்கு எதற்கு?

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்து புள்ளிக்கான நடு வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. விசையை அழுத்தக் குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும். நின்றுகொண்டு, ஒரே கையை நீட்டி, எதிலும் சாயாமல் சுட வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களில் 60 முறை. எவராலும் கையை முழுமையாக அசையாமல் வைத்திருக்க முடியாது. இதயம் துடிக்கும்போது கையும் துடிக்கிறது. அசைவை ஒழிப்பதல்ல, அசைவோடு சேர்ந்தே விசையைக் குலுக்காமல் விடுவிப்பதுதான் கலை.

இங்கேதான் சிமுலேட்டரின் பயன். தாள் இலக்கு முடிவை மட்டும் சொல்கிறது. விரலை வெடுக்கென்று இழுத்தவளுக்கும் தற்செயலாகப் பத்து விழலாம். சரியாகச் செய்தவளுக்கும் ஒன்பது விழலாம். திரையிலுள்ள கோடு அந்த இருவரையும் பிரித்துக் காட்டிவிடும். முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, செய்த விதத்தை முன்னால் வைக்கிறது. ‘என்ன கிடைத்தது’ என்பதற்குப் பதில் ‘என்ன செய்தாய்’ என்று கேட்கிறது.

பெண்கள் இந்த விளையாட்டுக்குள் வந்த கதையைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் அருமை புரியும். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ரைஃபிள் போட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக நடந்தது. அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், தன் அணியைச் சேர்ந்த லேனி பாஷமுக்குச் சமமான புள்ளிகள் எடுத்தார். சமநிலையை உடைக்கும் விதியின்படி அவருக்கு வெள்ளி. பாஷம் அவரைத் தன் மேடைக்கே ஏற்றி நிறுத்திக்கொண்டார். பெண்களுக்கென்று தனிப் போட்டிகள் 1984-இல்தான் வந்தன. 1992 பார்சிலோனாவில், பொதுப் போட்டியாக நடந்த ஸ்கீட் பிரிவில் சீனாவின் ஜாங் ஷான் ஆண்களையெல்லாம் முந்தித் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு ஆண்களுக்கு மட்டும் என்றானது; பெண்களுக்கு ஸ்கீட் 2000-இல்தான் கிடைத்தது. ஆண்கள் 60 முறை சுட்ட ஏர் பிஸ்டல் போட்டியில், 2018 வரை பெண்களுக்கு 40 முறைதான்.

உடல்வலிமை முதன்மையாக இல்லாத ஒரு விளையாட்டிலேயே இத்தனை வேலிகள். பெண்ணால் என்ன முடிகிறது என்று பார்த்துப் போட்ட வேலிகளாக இவை தெரியவில்லை; இவ்வளவுதான் முடியும் என்று முன்கூட்டியே முடிவெடுத்துப் போட்டவையாகத் தெரிகின்றன. அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980-இல் வெளியான கட்டுரை ஒன்றில், பெண்கள் பந்து எறிவதைப் பற்றி யோசித்தார். பெண்கள் உடல் முழுவதையும் வீசி எறியாமல் கையை மட்டும் பயன்படுத்துவதற்குக் காரணம் எலும்பிலோ தசையிலோ இல்லை. வளர்க்கப்பட்ட சூழலில் இருக்கிறது என்பது அவர் வாதம். தன் உடலைக் கொண்டு ஒன்றைச் செய்யும்போதே, அந்த உடல் பிறரால் பார்க்கப்படுகிறது என்பதையும் பெண் சுமக்கிறாள். பாதிக் கவனம் செயலில், பாதிக் கவனம் பார்வையில். அதனால் செயல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது தோட்டாவுக்கு வருவோம். பெண் கையில் துப்பாக்கி என்றதும் நம் ஊடகங்களுக்கு உடனே தெய்வங்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. துர்க்கை, காளி, கொற்றவை. பதக்கம் வாங்கியவள் ‘சிங்கப்பெண்’ ஆகிவிடுகிறாள். இந்தப் படிமத்தை அரசே ஒருமுறை விற்பனைக்கும் கொண்டுவந்தது. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொலைக்குப் பிறகு, 2014 தொடக்கத்தில் கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற கைத்துப்பாக்கியைப் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்தியது. எடை அரைக் கிலோ. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துத் தந்தார்கள். பாதுகாப்பான பேருந்தும், வெளிச்சமுள்ள தெருவும், புகாரை வாங்கிக்கொள்ளும் காவல் நிலையமும் கேட்ட பெண்களிடம், ‘உன்னை நீயே காப்பாற்றிக்கொள்’ என்று ஒரு விலைச்சீட்டை நீட்டியதுபோல் இருந்தது அது.

அந்தச் சமயத்தில் எதிர்ப்புக் குரல் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். துப்பாக்கி வன்முறையில் கணவரையும் மகனையும் இழந்த பெண்களோடு 2004 முதல் வேலை செய்துவரும் மணிப்பூர் பெண்கள் வலைப்பின்னலை நிறுவிய பினாலக்ஷ்மி நேப்ராம் போன்றவர்கள் அதைக் கண்டித்தார்கள். துப்பாக்கியின் மறுமுனையிலிருந்து பேசியவர்கள் அவர்கள். தமிழில் இந்த விவாதம் இன்னும் வலி மிகுந்தது. ஈழப்போரில் பெண்கள் ஆயுதம் ஏந்தியபோது, அது அடுப்படியிலிருந்து விடுதலையா, அல்லது இன்னொரு கட்டளைக்குக் கீழ்ப்படிதலா என்று நம் பெண்ணியவாதிகள் வாதிட்டார்கள். அந்த வாதம் முடிந்துவிடவில்லை. உயிரோடு திரும்பிய பெண்களைச் சமூகம் எப்படி நடத்தியது என்பதையும் சேர்த்துக்கொண்டு அது தொடர்கிறது.

ஆகவே துப்பாக்கியைக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் சிமுலேட்டர் முன் நிற்கும் பெண்ணை விட்டுக்கொடுக்கவும் தயாரில்லை. ஏனென்றால், அவளிடம் இருப்பது தோட்டா தரும் வலிமை அல்ல. தோட்டாவின் வலிமை என்பது இன்னொருவர்மீது செலுத்தும் வலிமை. எதிரே ஓர் உடல் இருந்தால்தான் அதற்குப் பொருள். தோட்டாவை எடுத்துவிட்ட பிறகும் இந்தப் பெண்ணின் திறன் ஒரு துளி குறைவதில்லை. எனவே அந்தத் திறன் முதலிலிருந்தே வேறொன்றாகத்தான் இருந்திருக்கிறது. தன் மூச்சு, தன் விரல், தன் பதற்றம் ஆகியவற்றைத் தானே அறிந்து, தானே நடத்திச் செல்லும் உரிமை அது. யங் சொன்ன பாதியில் நிற்கும் செயலை, முழுச் செயலாக ஆக்கிக்கொள்ளும் வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘தோட்டா இல்லை, அதனால் தீங்கும் இல்லை என்கிறாய். காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் இருக்கும் சிமுலேட்டர்களிலும்தான் தோட்டா இல்லை. அங்கே நடப்பது கொல்வதற்கான ஒத்திகை அல்லவா?’ சரியான கேள்வி. அங்கே திரையில் வட்டம் இல்லை. மனித உருவங்கள் வருகின்றன, ஓடுகின்றன, கையை உயர்த்துகின்றன, சுட்டால் விழுகின்றன. தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றே. எனவே விளைவு இல்லாத செயல் தானாகவே மாசற்றது என்று நாம் சொல்லிவிட முடியாது. பயிற்சி என்பது பழக்கத்தை உண்டாக்குவது. ஆயிரம் முறை திரும்பச் செய்த ஒன்று நம் உடலில் தங்கிவிடுகிறது. அது ‘சும்மா’ செய்தது என்பதால் தங்காமல் போவதில்லை.

ஆகவே தோட்டா இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கருவி நம்மை எதைப் பார்க்க வைக்கிறது, சுட்ட பிறகு எதைத் திருப்பித் தருகிறது என்று பார்க்க வேண்டும். மனித உருவத் திரை, இன்னொருவரின் அசைவைப் படித்து, அவர் விழுவதை வெற்றியாகத் திருப்பித் தருகிறது. விளையாட்டுச் சிமுலேட்டர் உன் கையின் அசைவையே உனக்குத் திருப்பித் தருகிறது. முதலாவதில் எதிரே இருப்பவர் பொருளாகிறார். இரண்டாவதில் எதிரே யாரும் இல்லை. கேள்வி கேட்கப்படுவது சுட்டவளிடம்தான். இந்த விளையாட்டு ஆயுதத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. நவீன பென்டத்லானில் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து லேசர் பிஸ்டல்தான். பெல்லட் முற்றிலும் போய்விட்டது, போட்டி போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்பாக்கி விளையாட்டின் முதல் பாடமே, வெற்றுத் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது என்பதுதான். தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகும், இருப்பதாகவே நினைத்து நடக்க வேண்டும். யாரை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது. சுடாத நேரத்தில் துப்பாக்கி காலியாக இருப்பதைக் காட்ட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்பு இழையைக் குழலுக்குள் செருகி வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. விளைவு இல்லாத இடத்திலும் பொறுப்பு உண்டு என்று ஒரு விளையாட்டு கற்றுத் தருகிறது. ‘சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்’, ‘தொடவே இல்லையே, பார்த்தேன், அவ்வளவுதானே’ என்று சொல்லித் தப்பிப்பவர்கள் நிறைந்த சமூகத்தில் இது சிறிய பாடமல்ல.

இரண்டாவது மறுப்பு பெண்ணியத்துக்குள்ளிருந்தே வரும். ‘பெண்ணுடலைக் கண்காணிப்பதற்குக் குடும்பம், தெரு, கேமரா என்று ஏற்கெனவே எத்தனையோ இருக்கின்றன. இன்னும் ஒரு திரையா? ஒவ்வொரு மில்லிமீட்டர் நடுக்கத்தையும் பதிவு செய்யும் கருவி, நம்மை நாமே வேவு பார்க்கப் பழக்காதா?’ நான் இதை எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இரண்டு பார்வைகள் உள்ளன. நிலைக்கண்ணாடி கேட்பது ‘எப்படித் தெரிகிறாய்?’ என்று. கோடு கேட்பது ‘எப்படிச் செய்தாய்?’ என்று. கோட்டில் முகம் இல்லை, நிறம் இல்லை, வயது இல்லை, உடுப்பு இல்லை. பார்க்கப்படும் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுத் தன்னைத் தானே பார்க்கப் பெண்ணுக்குக் கிடைக்கும் அரிய இடங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கோடு யாருடையது என்பதில்தான் கவனம் தேவை. அவளே பார்த்துத் திருத்திக்கொள்ளும்வரை அது அறிவு. பயிற்சியாளரோ தேர்வுக்குழுவோ அவளைக் கேட்காமல் எடுத்து, ‘உன் கை நடுங்குகிறது, நீ வேண்டாம்’ என்று சொல்லும்போது அது வேவுதான்.

பிறகு, வீடு இருக்கிறது. தோட்டா இல்லாத பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம் என்பது அதன் பெரிய வசதி என்கிறார்கள். குறியைச் சிறிதாக்கி ஒட்டிக்கொண்டால் பத்து மீட்டர்கூட வேண்டாம். ஒரு வெற்றுச் சுவரே போதும். ஆனால் ஒரு பெண்ணுக்கு வீட்டில் வெற்றுச் சுவர் இருக்கிறதா? யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் இருக்கிறதா? படிக்கிறாள் என்றால் கதவைச் சாத்திக்கொள்ள அனுமதி உண்டு. படிப்பு வேலைக்கு, வேலை கல்யாணத்துக்கு. கோலம் போட்டால் வாசலுக்கு அழகு. ‘சத்தமே வரலையே, உள்ள என்னதான் பண்றே?’ என்று கேட்கும் வீட்டுக்கு, சுடாமல் சுடுவதை எப்படி விளக்குவது? சமைக்காத, துவைக்காத, சம்பாதிக்காத, யாருக்கும் உடனே எதையும் தராத ஒரு மணி நேரம் அது. பெண்ணின் கையில் துப்பாக்கி இருப்பதை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கும் அந்த ஒரு மணி நேரத்தை ஏற்றுக்கொள்வது கடினமாக இருக்கிறது. பதக்கம் வந்த பிறகு எல்லோருக்கும் அது புரியும். வராதவளுக்கு?

உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டம் ஜோஹ்ரி கிராமத்தின் சந்திரோ தோமர் இதை நன்கு அறிந்தவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பேத்தியை அழைத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போன இடத்தில் பிஸ்டலைக் கையில் எடுத்தார். வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல், தண்ணீர் நிரம்பிய ஜக்கை நீட்டிப் பிடித்துக் கையை உறுதிப்படுத்திக்கொண்டார். கணினி இல்லை, உணரி இல்லை. ஆனால் அதுவும் சிமுலேட்டர்தான். தளும்பும் தண்ணீர்தான் அவருக்குக் கோடு. 2021-இல் கொரோனாவில் இறந்துபோன அவரையும், அவரோடு சுட்ட பிரகாஷி தோமரையும் ‘துப்பாக்கிப் பாட்டிகள்’ என்று கொண்டாடுகிறோம். பேத்திகள் வயதில் எத்தனை பேருக்கு அந்த ஜக்கைப் பிடிக்கக்கூட நேரம் கிடைக்கிறது என்றும் கேட்க வேண்டும். இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் போட்டித் தரமுள்ள இறக்குமதி பிஸ்டல் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது, சிமுலேட்டரும் மலிவல்ல. சட்டம் தடுக்காத இடத்தில் வர்க்கம் தடுக்கிறது. அரசுக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஒரு பொதுச் சிமுலேட்டரும் ஒரு பூட்டக்கூடிய அறையும் இருந்தால், நகைப்பெட்டிக்குள் வைத்த கைத்துப்பாக்கியைவிட அதிகப் பெண்களுக்கு அது உதவும்.

சிமுலேட்டரால் தர முடியாதவையும் உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதானது. அதைச் சரிசெய்வதில் நேரம் ஓடிவிட்டது. மிச்சமிருந்த குறைந்த நேரத்தில் சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார், 12-ஆம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அப்படியொரு நிமிடத்தை எந்தத் திரையும் ஒத்திகை பார்க்க வைக்காது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். 25 மீட்டரில் நான்காம் இடம். பதக்கங்களை எண்ணுகிறோம். அந்த மூன்று ஆண்டுகளில் யாரும் பார்க்காமல் எத்தனை ஆயிரம் முறை கை உயர்ந்து இறங்கியிருக்கும் என்பதை எண்ணுவதில்லை. ஹீனா சித்து 2016-இல், ஹிஜாப் கட்டாயம் என்பதால் ஈரானில் நடக்கவிருந்த ஆசியப் போட்டியிலிருந்து விலகினார். அந்த முடிவுக்கும் எந்தக் கருவியிலும் பயிற்சி கிடையாது. ஆனால் தன் உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத் தானே முடிவுசெய்து பழகியவருக்கு அது முற்றிலும் புதிய வேலையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பெண்களுக்குத் துப்பாக்கி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில், ஆண்களுக்கும் வேண்டாம். தோட்டாவை எடுத்த பிறகு மிச்சமிருப்பது வேண்டுமா என்றால், அது கட்டாயம் வேண்டும். யாரும் தட்டாத கதவு, யாரையும் காயப்படுத்தாத திறன், யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு மணி நேரம். அது பிஸ்டலாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வீணையாகவோ கணிதமாகவோ சதுரங்கமாகவோ இருக்கலாம்.

சுடுதல் பயிற்சியில் சொல்லித்தரும் ஒன்று உண்டு. விசை விடுபட்டதும் கையை இறக்கிவிடக் கூடாது. ஓரிரு நொடிகள் அதே பார்வையோடு, அதே பிடியோடு நிற்க வேண்டும். சுட்ட பிறகு என்ன ஆகப்போகிறது, செய்தாயிற்றே என்று நினைப்பவளுக்குக் கை முன்கூட்டியே தளர்கிறது. அந்தத் தளர்ச்சி சுடும் நொடிக்குள்ளேயே நுழைந்து குறியைக் கெடுத்துவிடுகிறது. திரையில் கடைசி நிறத்தில் வரும் கோடு அந்த நொடிகளுக்கானது. புள்ளிக் கணக்கில் அதற்கு இடமில்லை. ஆனாலும் நன்றாகச் சுடுகிறவர்கள் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. செய்து முடித்ததன்கூட இன்னும் சிறிது நேரம் நிற்பது. முடிவு என்னவாக இருந்தாலும், அது தன் கையிலிருந்து வந்தது என்று பார்ப்பது. இதைப் பழக ஒரு பெண்ணுக்கு இடமும் நேரமும் கொடுக்க மறுக்கும் வீடு, அவளிடம் பொறுப்பை மட்டும் எப்படிக் கேட்கிறது?